சென்னை விமான நிலையத்தின் உள்நாட்டு முனையங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிக்கெட்டில் டி1, டி4 என்றெல்லாம் இருக்கிறதே, நான் எங்கே போக வேண்டும்?

சென்னையில் உள்நாட்டு விமானங்கள் இரண்டு முனையங்களிலிருந்து கிளம்புகின்றன. டி1 என்பது ஊரே 'டொமஸ்டிக்' என்று பழகிப்போன காமராஜர் முனையம். டி4, முன்பு அண்ணா பன்னாட்டு முனையமாக இருந்த கட்டடம். 2023 ஏப்ரலில் புதிய டி2 திறக்கப்பட்டு வெளிநாட்டு விமானங்கள் அங்கே போனபின், இதை உள்நாட்டுப் பயணத்துக்கு மாற்றினார்கள். டி2 முழுக்க வெளிநாட்டுப் பயணிகளுக்கு. டி3-ஐத் தேடாதீர்கள், அந்தப் பழைய கட்டடம் விரிவாக்கப் பணிக்குள் போய்விட்டது.

பொதுவாக இண்டிகோ என்றால் டி1, ஏர் இந்தியாவும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் என்றால் டி4. ஆனால் நிறுவனங்களை அவ்வப்போது இடம் மாற்றுவார்கள். போன தடவை எங்கே ஏறினோம் என்ற நினைவை நம்பாமல், இந்தத் தடவை டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

பார்க்கும்போதும் ஒரு வழுக்கல் உண்டு. டிக்கெட்டில் இரண்டு முனையங்கள் அச்சாகியிருக்கும்: ஒன்று ஏறும் ஊருக்கு, மற்றொன்று இறங்கும் ஊருக்கு. சென்னை–மும்பை டிக்கெட்டில் மும்பைக்கு நேரே இருக்கும் 'டி2'-ஐப் படித்துவிட்டு, சென்னையின் டி2 வாசலில் பெட்டியோடு போய் நிற்பவர்கள் உண்டு. டெல்லி டிக்கெட்டில் 'டி3' இருந்தால், சென்னையில் இல்லாத முனையத்தைத் தேடி அலைய நேரும். 'சென்னை' என்ற பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோ, டாக்சி ஓட்டுநரிடம் வெறுமனே 'டொமஸ்டிக்' என்று சொன்னால் டி1-இல்தான் கொண்டுபோய் விடுவார். டி4-க்குப் போகிறவர்கள் "டி4, பழைய இன்டர்நேஷனல்" என்று சொல்லிவிடுங்கள். செயலியில் வண்டி பிடித்தாலும் இறங்கும் இடத்தில் முனைய எண்ணைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தவறான முனையத்தில் இறங்கிவிட்டேன். இப்போது?

வண்டி இன்னும் நகரவில்லை என்றால் அதிலேயே திரும்ப ஏறுங்கள். போய்விட்டால் புதிதாக டாக்சி பிடிக்க முயல வேண்டாம். செயலி வண்டிகள் புறப்பாட்டு வாசலுக்கு ஆள் ஏற்ற வருவதில்லை. நீங்கள்தான் வாகன நிறுத்தக் கட்டடம் வரை போக வேண்டும். அந்த நேரத்தில் நடந்தே மற்ற முனையத்தை எட்டிவிடலாம். டி1-க்கும் டி4-க்கும் நடுவில் டி2 இருப்பதால் பெட்டியோடு 15 முதல் 20 நிமிடம் ஆகும். பேட்டரி வண்டி கண்ணில் பட்டால் ஏறிக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காகக் காத்து நிற்காதீர்கள்.

எவ்வளவு நேரம் முன்னால் வர வேண்டும்?

பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். காலை 9.10-க்கு விமானம் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான நிறுவனங்களில் பெட்டி வாங்கும் கவுன்ட்டர் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடும்; அதாவது 8.10. ஏறும் வாயில் 25 நிமிடம் முன்பே மூடும், அதாவது 8.45. 9.10 என்பது விமானம் தன் இடத்தைவிட்டு நகரும் நேரம். அதை நீங்கள் ஓடிவந்து ஏறும் நேரமாக நினைத்துக்கொள்வதால்தான் பாதிப் பேர் விமானத்தைத் தவறவிடுகிறார்கள்.

எடைபோட்டு அனுப்பும் பெட்டி இருந்தால் 2 மணி நேரம் முன்னால் வாசலில் இருங்கள். கைப்பை மட்டும்தான், போர்டிங் பாஸும் போனில் இருக்கிறது என்றால் ஒன்றரை மணி நேரம் தாராளம். காலை 5 முதல் 9 வரை விமானங்கள் அடுத்தடுத்துக் கிளம்புவதால் பாதுகாப்புச் சோதனை வரிசை நீளும். அப்போது அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். குடியரசு தினம், சுதந்திர தினத்தையொட்டிய நாட்களில் ஏறும் வாயிலிலும் மறுபடி பையைத் திறந்து பார்ப்பார்கள். அப்போதும் அப்படியே.

மெட்ரோவில் வரலாமா? எங்கே இறங்குவது?

நீல வழித்தடத்தின் கடைசி நிலையமே விமான நிலையம்தான். சென்ட்ரலிலிருந்து நேராக வரலாம்; கட்டணம் 40 ரூபாய். கோயம்பேடு, வடபழனி பக்கமிருந்து பச்சை வழித்தடத்தில் வருகிறவர்கள் பொதுவாக ஆலந்தூரில் மாற வேண்டும். அங்கே இரண்டு தடங்களும் ஒன்றின்மேல் ஒன்றாக இருப்பதால் நகரும் படியில் ஒரு தளம் மாறினால் போதும்.

மெட்ரோ நிலையத்திலிருந்து முனையங்களுக்கு மேல்நடைபாதை இருக்கிறது. நகரும் நடைபாதைகள் போட்டிருக்கிறார்கள், ஆனாலும் தூரம் கொஞ்சம் அதிகம்தான். ரயிலைவிட்டு இறங்கியதிலிருந்து முனைய வாசல் வரை 10 நிமிடம் ஒதுக்குங்கள். நடைபாதை பிரியும் இடத்தில் பலகையைப் பார்க்காமல் முன்னால் போகிற கூட்டத்தின் பின்னால் போகாதீர்கள். அந்தக் கூட்டம் வேறு முனையத்துக்குப் போகும்.

மெட்ரோ காலை 5 மணிக்குத்தான் தொடங்குகிறது, இரவு 11 மணி வாக்கில் முடிகிறது. காலை ஏழரைக்கு முன்னால் கிளம்பும் விமானத்துக்குப் பெட்டியோடு மெட்ரோவை நம்பி வராதீர்கள்.

மின்சார ரயில், பேருந்து?

கடற்கரை–தாம்பரம் வழித்தடத்தில் திரிசூலம் நிலையத்தில் இறங்கினால் ஜி.எஸ்.டி. சாலைக்கு எதிர்ப்புறம் விமான நிலையம். சாலையைக் குறுக்கே கடக்க முயலாமல் சுரங்கப்பாதை வழியாக வாருங்கள். பையை முதுகில் மாட்டிக்கொண்டு வருகிறவருக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. இரண்டு பெட்டியும் ஒரு குழந்தையுமாக வருகிறவருக்குப் படிக்கட்டுகள் சிரமம்.

வெளியூரிலிருந்து கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் வந்து இறங்குகிறவர்களுக்கு ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே வரும் மாநகரப் பேருந்துகள் எல்லாமே வழி. தூரம் சுமார் 15 கிலோமீட்டர்தான், ஆனால் தொடர் விடுமுறை முடிந்து ஊர் திரும்பும் அதிகாலையில் பெருங்களத்தூரும் தாம்பரமும் அந்தத் தூரத்தை ஒன்றரை மணி நேரமாக்கிவிடும்.

டிக்கெட்டில் இனிஷியல் முன்னால் இருக்கிறது, ஆதாரில் பின்னால் இருக்கிறது. உள்ளே விடுவார்களா?

தமிழ்நாட்டுக்கென்றே இருக்கும் கேள்வி இது. வாசலில் நிற்கும் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை வீரர் டிக்கெட்டில் உள்ள பெயரையும், அடையாள அட்டையையும், உங்கள் முகத்தையும் பார்க்கிறார். 'எஸ். முருகன்', 'முருகன் எஸ்' என்ற வரிசை மாற்றத்துக்குப் பொதுவாக யாரையும் நிறுத்துவதில்லை. சிக்கல் வருவது பெயரே வேறாக இருக்கும்போது: வீட்டில் கூப்பிடும் பெயரில் மகன் டிக்கெட் போட்டிருப்பது, கல்யாணத்துக்குப் பின் மாறிய பெயர் ஓர் அட்டையில் மட்டும் இருப்பது, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர் மட்டும் இருப்பது.

பதிவு செய்யும்போது 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் ஒற்றை எழுத்தைச் சில தளங்கள் ஏற்காது. அப்போது இனிஷியலை விரித்து அப்பா அல்லது கணவர் பெயரை முழுதாகப் போடுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் வீட்டிலிருந்தே நிறுவனத்தைக் கூப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். வாசலில் நின்று செய்கிற வேலையல்ல அது.

ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், பான் அட்டை, இவற்றில் ஏதாவது ஒன்றின் அசல் போதும். போனில் காட்டுவதாக இருந்தால் எம்ஆதார் அல்லது டிஜிலாக்கர் செயலியைத் திறந்து காட்டுங்கள். வாட்ஸப்பில் வந்த ஆதார் படம் செல்லாது. 2 வயதுக்குக் குறைந்த கைக்குழந்தைக்கு வயதுச் சான்று கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும்.

டிஜியாத்ரா வைத்துக்கொண்டால் சீக்கிரம் போகலாமா?

போகலாம், எல்லாம் சரியாகப் பொருந்தினால். கேமராவில் முகத்தைப் பார்த்தே வாசல் கதவைத் திறந்துவிடும் செயலி இது. வீட்டிலேயே செயலியை இறக்கி, டிஜிலாக்கர் வழியாக ஆதாரை இணைத்து, செல்ஃபி எடுத்து வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் வெப் செக்-இன் முடித்து, போர்டிங் பாஸைச் செயலியில் ஏற்றி, சென்னை விமான நிலையத்துக்குப் பகிர வேண்டும். கடைசிப் படியான இந்தப் பகிர்வைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு கேமரா முன்னால் நின்று கதவு திறக்கவில்லையே என்று விழிக்கிறார்கள்.

இதில் இனிஷியல் மறுபடி வேலையைக் காட்டும். பாதுகாப்பு வீரர் கண்ணால் பார்த்துச் சமாதானமாகும் பெயர் வேறுபாட்டைச் செயலி ஏற்காமல் போகலாம். அப்படி நடந்தால் போராடாமல் சாதாரண வரிசைக்குப் போய்விடுங்கள். டிஜியாத்ரா கட்டாயமில்லை. அது திறப்பது கதவைத்தான். உடல், பைச் சோதனை எல்லோருக்கும் உண்டு.

எடை எவ்வளவு அனுமதி?

குறைந்த கட்டண நிறுவனங்களில் அனுப்பும் பெட்டி 15 கிலோ, கைப்பை 7 கிலோ என்பது வழக்கம். மற்றவற்றில் டிக்கெட் வகையைப் பொறுத்துக் கூடும். கைப்பை என்றால் ஒன்றுதான். அதோடு மடிக்கணினிப் பை அல்லது பெண்கள் கைப்பை ஒன்று. கூடுதல் எடையை இணையத்தில் முன்கூட்டியே வாங்குவது, கவுன்ட்டரில் கிலோ கணக்கில் கட்டுவதைவிட மலிவு. எடைக் கருவி முன்னால் பெட்டியைத் திறந்து போட்டுச் சேலைகளை இடம் மாற்றும் காட்சி எல்லா நாளும் நடக்கிறது. வீட்டு எடைக் கருவியில் முதலில் நீங்கள் மட்டும், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிக் கழித்தால் அந்தக் காட்சியில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

ஊறுகாய், இட்லிப் பொடி, தேங்காய், பூஜைப் பொருள். எதை எதில் வைப்பது?

மிளகாய் சேர்ந்த ஊறுகாயைக் கைப்பையில் விட மாட்டார்கள். மிளகாய்த் தூளும் அப்படித்தான். கண்ணில் தூவக்கூடிய பொருள் என்பது காரணம். இட்லிப் பொடி நம் கண்ணுக்கு இட்லிப் பொடி, ஸ்கேனரில் அது ஒரு தூள். இவற்றை அனுப்பும் பெட்டியில் வையுங்கள். ஊறுகாயை வெறும் மூடியை நம்பி வைக்காமல் வாயில் பாலிதீன் வைத்து இறுக்கி, அதன்மேல் இன்னொரு கவரும் போடுங்கள். நெய், நல்லெண்ணெய் பாட்டிலும் அதே பெட்டியில்தான்.

கொப்பரைத் தேங்காய் எதிலுமே கூடாது. அதிலிருக்கும் எண்ணெயால் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதால் ஆபத்தான சரக்குப் பட்டியலில் இருக்கிறது. முழுத் தேங்காயைக் கைப்பையில் வைக்கக் கூடாது. சபரிமலை பருவத்தில் மட்டும் இருமுடியிலுள்ள தேங்காயைக் கூடவே எடுத்துப்போக, 2022-23 உட்படச் சில பருவங்களில் ஜனவரி 20 வரை தற்காலிக அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அனுமதி இருந்தாலும் எக்ஸ்ரேயும் கைச் சோதனையும் உண்டு. அந்த ஆண்டு அறிவிப்பு வந்திருக்கிறதா என்று நிறுவனத்திடம் கேட்டுவிட்டே மாலை போட்டவர்கள் கிளம்புவது நல்லது.

சூடம், தீப்பெட்டி, லைட்டர், மத்தாப்பு ஆகியவை கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. கோயிலுக்குப் போய்விட்டு நேராக வருகிறவர்களின் அர்ச்சனைக் கூடையில் சூடம் ஒளிந்திருக்கும். ஒரு முறை கிளறிப் பாருங்கள். அரிவாள்மனை, கத்தி, கனமான பித்தளை விளக்கு எல்லாம் அனுப்பும் பெட்டியில்.

இதற்கு நேர் எதிரானது பவர் பேங்க். அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கு அறையில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைக்க ஆள் எட்ட முடியாது. பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டால் ஸ்கேனரில் பிடித்து உங்களைத் தேடுவார்கள், நீங்களோ பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிக் காபி குடித்துக்கொண்டிருப்பீர்கள். சுமார் 27,000 எம்.ஏ.எச். வரை (100 வாட்-மணி) அனுமதி. அளவு அச்சிடப்படாத பவர் பேங்கை நிறுத்திவிட வாய்ப்பு அதிகம்.

பாதுகாப்புச் சோதனையில் எதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும்?

வரிசையில் நிற்கும்போதே போன், பர்ஸ், சாவி, கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள். தனித்தனியாக ட்ரேயில் கொட்டுவதைவிட இது வேகம், எதுவும் தொலையாது. மடிக்கணினி, டேப்லெட், சார்ஜர், பவர் பேங்க் மட்டும் வெளியே, தனி ட்ரேயில். பெண்களுக்குத் தனி வரிசையும் திரை போட்ட சோதனை இடமும் உண்டு.

வெள்ளி அரைஞாண் கட்டியிருந்தால் கருவி கத்தும். பதற வேண்டாம், "அரைஞாண் கயிறு" என்று சொல்லுங்கள். அவர்கள் பார்க்காத அரைஞாணா?

உங்கள் பை மட்டும் மறுபக்கத் தடத்துக்குத் தள்ளப்பட்டால் திறந்து பார்க்கப்போகிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் காரணம் குடை, சில்லறைக் காசுப் பை, ஒன்றின்மேல் ஒன்றாகச் சுருண்ட வயர்கள். ஸ்கேனரில் இவை அடியிலுள்ளதை மறைத்துவிடும். அவசரத்தில் பக்கத்து ட்ரேயிலுள்ள அதே மாதிரிக் கறுப்புப் பையை எடுத்துப் போவதும் நடக்கிறது. கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணித் துண்டைக் கட்டிவையுங்கள்.

உட்கார்ந்திருந்தோம், கூப்பிடவே இல்லை, விமானம் போய்விட்டது. ஏன்?

ஏனென்றால் கூப்பிட மாட்டார்கள். சென்னை 2023 முதல் 'அமைதி விமான நிலையம்'. பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போல ஒலிபெருக்கியில் ஒவ்வொரு விமானத்தையும் அறிவிப்பதில்லை. தகவல் முழுக்கத் திரையில்தான். ஏறும் வாயில் மாறினாலும் திரையில்தான் மாறும். பதிவின்போது கொடுத்த போன் எண்ணுக்குக் குறுஞ்செய்தியும் வரலாம். அந்த எண் டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜென்ட்டுடையதாக இருந்தால், செய்தி அவருக்குத்தான் போகும்.

போர்டிங் பாஸில் அச்சான வாயில் எண் தற்காலிகமானது. பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் ஒரு முறை, ஏறும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் ஒரு முறை திரையைப் பாருங்கள். ஊருக்குப் பக்கத்திலேயே விமான எண்ணையும் பாருங்கள். பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு மூன்று விமானங்கள் இருக்கும். வயதானவர்களைத் தனியாக அனுப்புகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது சொல்லி அனுப்புங்கள்: "யாரும் கூப்பிட மாட்டாங்க, டிவியைப் பாத்துக்கிட்டே இருங்க."

வாயிலில் விமானத்தையே காணோமே?

பேருந்தில் கூட்டிப்போவார்கள். பாலம் பொருத்தாமல் தூரத்தில் நிறுத்தியிருக்கும் விமானங்களுக்கு இதுதான் வழி. கடைசிப் பேருந்து போய்விட்டால் விமானம் கண்ணெதிரே நின்றாலும் உங்களால் நடந்து போக முடியாது.

உள்ளே சாப்பாட்டு விலை?

அதிகம்தான். ஆனால் டி1-இல் பாதுகாப்புச் சோதனைக்கு முன்னால் உடான் யாத்ரி கஃபே என்ற மலிவு விலைக் கடை 2025 பிப்ரவரியில் திறந்தது. டீ 10 ரூபாய், காபி 20 ரூபாய் என்ற விலையில் தொடங்கினார்கள். உள்ளே போனபின் திரும்பி வர முடியாது என்பதால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வீட்டு இட்லி, சப்பாத்தி, எலுமிச்சை சாதம் கொண்டுபோகலாம். குழம்பும் கெட்டிச் சட்னியும் வேண்டாம்.

அப்பா அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டும்.

டிக்கெட் போடும்போதே கேளுங்கள், அல்லது குறைந்தது 48 மணி நேரம் முன்னால் நிறுவனத்திடம் சொல்லுங்கள். வாசலில் வந்து கேட்டாலும் தருவார்கள், ஆனால் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் 2 மணி நேரத்துக்குப் பதில் இரண்டரை மணி நேரம் முன்னால் வாருங்கள். டிக்கெட் இல்லாதவர் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி அவர்களோடு துணைக்குப் போக முடியாது. அடையாள அட்டை, மருந்து, போன் மூன்றையும் சட்டைப்பையிலோ மடியில் வைக்கும் பையிலோ கொடுத்துவிடுங்கள், அனுப்பும் பெட்டியில் அல்ல.

மழை, புயல், போகிப் புகை. விமானம் தாமதமானால் என்ன கிடைக்கும்?

நவம்பர், டிசம்பர் டிக்கெட்டுகளில் எப்போதும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். இந்த விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலமாகவே போகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிலையம் பல நாட்கள் மூடியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் தண்ணீர் நின்று மூடினார்கள். போகி அன்று விடியற்காலை விமானத்தில் டிக்கெட் போடுவதையும் தவிர்க்கலாம். பழையன எரியும் புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் போய், விமானங்களை வேறு ஊருக்குத் திருப்பியிருக்கிறார்கள்.

விதிப்படி, இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 2 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதம் என்றால், நேரத்துக்கு வந்து காத்திருக்கும் பயணிக்கு உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். 6 மணி நேரத்துக்கு மேல் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். புயல் மாதிரி நிறுவனத்தின் கையில் இல்லாத காரணத்துக்கு ரொக்க இழப்பீடு கிடையாது. அதைக் கேட்டுச் சண்டை போடுவதில் நேரத்தை விடாமல், அடுத்த விமானத்தில் இடம் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

சென்னையில் வந்து இறங்குகிறேன். ஓலா, ஊபர் எங்கே வரும்?

வருகை வாசலுக்கு வராது. பலமாடி வாகன நிறுத்தக் கட்டடத்துக்குத்தான் வரும். திரையரங்கும் கடைகளும் சேர்ந்திருக்கும் அந்தக் கட்டடம் 2022 டிசம்பரில் திறந்தது. பெல்ட்டில் பெட்டி வரும்முன் வண்டியை புக் செய்துவிட்டால் காத்திருப்புக் கட்டணம் ஏறும். பெட்டியைக் கையில் எடுத்தபின் புக் செய்து, நடந்துகொண்டே போவது சரியான வரிசை. செயலியில் காட்டும் தளத்தையும் தூண் எண்ணையும் ஓட்டுநரிடம் போனில் உறுதிசெய்யுங்கள். கைப்பை மட்டும் இருந்தால், இரவு பத்தரைக்குள் வெளியே வந்துவிட்டால், மெட்ரோவே மேல்.

வெளிநாட்டிலிருந்து வந்து, இங்கிருந்து மதுரைக்கோ கோவைக்கோ மாற வேண்டும். பெட்டி தானாக வந்துவிடுமா?

வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டி2-இல் குடியேற்றச் சோதனை, பெட்டியை எடுப்பது, சுங்கம், வெளியே வருவது, டி1 அல்லது டி4-க்குப் போவது, மறுபடி பெட்டியைக் கொடுப்பது, பாதுகாப்புச் சோதனை என்று இத்தனையும் உண்டு. இரண்டு விமானங்களுக்கும் நடுவே 3 மணி நேரம் வேண்டும். தனித்தனி டிக்கெட் என்றால் 4 மணி நேரம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு அது சம்பந்தமில்லாத விஷயம். டி2 வழியில் டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டில், உள்நாட்டுப் பயணத்தில் அனுப்பும் பெட்டிக்குள் போகட்டும். வெளிநாட்டு விமானத்தின் 23 கிலோ அனுமதி அடுத்த டிக்கெட்டில் 15 ஆகியிருக்கும் என்பதையும் கிளம்பும் முன்பே பாருங்கள்.

பெல்ட் நின்றுவிட்டது, என் பெட்டி வரவில்லை.

அந்தக் கூடத்தைவிட்டு வெளியே வராதீர்கள். அங்கேயே இருக்கும் நிறுவனத்தின் பெட்டி உதவி மேசையில் போர்டிங் பாஸில் ஒட்டிய சிறு பட்டையைக் காட்டி, புகார்ப் படிவம் எழுதி, அதன் எண்ணை வாங்குங்கள். வெளியே வந்தபின் போனில் சொன்னால் 'இங்கே எடுத்தீர்களா இல்லையா' என்பதிலிருந்து பேச்சு தொடங்கும். சக்கரம் உடைந்திருந்தாலும், பூட்டு திறந்திருந்தாலும் அங்கேயே படம் எடுத்துப் பதிவு செய்யுங்கள். உள்நாட்டுப் பயணத்தில் பெட்டி தொலைந்தாலோ சேதமானாலோ நிறுவனத்தின் பொறுப்பு ஒரு பயணிக்கு 20,000 ரூபாய் வரைதான். ஆகவே நகையும் அசல் பத்திரங்களும் கைப்பையில் இருக்கட்டும்.